வாயில் மறுத்தலும் நேர்தலும்

மருதத்திணையின் உரிப்பொருள் ஊடல் என்பர். முல்லையின் இருத்தலும் நெய்தலின் இரங்கலும் போல அது பொறுத்திருந்து கழிக்கும் நிலையன்று. ஒரு முடிபினை வேண்டி நிற்பது. பரத்தையிற் பிரிந்த தலைவன் விடியற்காலத்து மீண்டுவந்து மனைவாயிற்கண் நிற்கின்றான். அவனை ஏற்பதோ மறுப்பதோ தலைவியின் செயல். அதனையே வாயில் நேர்தல், வாயில் மறுத்தல் எனத் துறைப்படுத்தினர் முன்னோர். துறைகள் இரண்டே. அவற்றிடையே கிடக்கும் மனநிலைகளோ பல. பிறள் ஒருத்தி காரணமாக எழும் உள்ளத்தெரிவு அம்முடிபினை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதனை ஈண்டுச் சில பாடல்கள் கொண்டு ஆராய்வோம்.

இவ்வெரிவினைப் பொறாமை என்று சொல்வது இன்றைய வழக்கு. வள்ளுவர் அழுக்காற்றினை அறத்துப்பாலிற் கடிந்தார். புலவியினையோ இன்பத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களில் விரித்துரைத்து, அதனோடே நூலை முடித்தார். பிறர் ஆக்கங் கண்டு வெதும்புதல் வேறு. தனக்குரிய அன்பு பிறர்பாற் சென்றமை கண்டு நோதல் வேறு. பின்னது குற்றமாக எண்ணப்படவில்லை, அளவே வேண்டப்பட்டது. உணவிற்கு உப்புப் போல்வது புலவி என்பது அவர் கருத்து. அது முதிர்ந்தவழித் துனியாம் என்பர் பரிமேலழகர்.

ஆகவே தலைவியின் இடர்ப்பாடு எளிதன்று. விரைந்து நேர்வாளாயின் தலைவன் செய்த பிழை பிழையன்று என்றாகிவிடும். நெடிது மறுப்பாளாயின் உறவே முறியும். ஆடவர் பரத்தையிற் பிரிதலை அன்றைய வழக்கு விலக்கவில்லை. எனவே, கதவடைத்தலன்றி அவள் கையில் வேறு படைக்கலம் இல்லை. ஊடல் இன்பம் என்னும் இனிய பெயரால் இவ்வொப்பின்மையை மூடிச்செல்லும் உரைகளை யாம் முழுதும் ஏற்பதற்கில்லை.

அப்படைக்கலமும் அவள்பால் நிலைத்து நிற்பதன்று. தொல்காப்பியக் கற்பியல் வாயில்கள் எனப் பன்னிருவரை எண்ணுகின்றது. தோழி, பாணன் முதலாயினார்க்கு மறுமொழி கூறி அவரைப் போக்கிவிடலாம். அப்பன்னிருவருள் ஒருவராகிய விருந்தினரை என் செய்வது? நற்றிணை 120ஆம் பாட்டில் மாங்குடி கிழார் காட்டும் தலைவி, கணவனொடு புலந்து அட்டிலிற் புகுந்திருக்கின்றாள். புகையுண்ட கண்ணள், நெற்றி வியர்வையை ஆடைத்தலைப்பால் துடைக்கின்றாள். கண் கலங்கியது புகையினாலோ புலவியினாலோ என்பதைப் புலவர் பிரித்துச் சொல்லவில்லை. விருந்தினர் வரின் அவள் சினவாள், முறுவலே கொள்வாள் என்று தலைவன் நன்கு அறிவான்; அதனால் விருந்து வருக என விழைகின்றான். அவள் மேற்கொள்ள வேண்டிய முடிபினை இல்லறக் கடமையே மேற்கொண்டுவிடுகின்றது. கற்போர் இதனை நகைச்சுவைப் பாட்டாகக் கொள்வர். நகை தலைவனுடையது மட்டுமே.

மறுபுறத்தாளுக்கும் இவ்வெரிவு உண்டு. குறுந்தொகை 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் காதற்பரத்தையைப் பேசவைக்கின்றார். தன்னைத் தலைவி பழித்தாள் எனக் கேட்டவள், தலைவன் தன் புதல்வன் தாய்க்குக் கண்ணாடியுட் பாவைபோல் அடங்கி ஆடுகின்றான் என எள்ளுகின்றாள். புதல்வன் தாய் என்பதே அவள் எய்த இயலாத இடம் என்பது அவ்வெள்ளலிற் புலனாகும்.

அவ்விடமே அகநானூறு 16ஆம் பாட்டின் களமாகின்றது. (அந்நூலில் 6, 16, 26 என ஆறு பெற்றுவரும் எண்ணுடையன எல்லாம் மருதம்.) பாடியவர் சாகலாசனார். பரத்தை ஒருத்தி, தேர் வழங்கும் தெருவில் தனியே நின்ற சிறுவனைக் காண்கின்றாள். காண்பார் ஒருவரும் இன்மையின், தலைவனை ஒத்தான் எனக் கருதி, தன் உயிரே என அழைத்து மார்போடு அணைக்கின்றாள். தாய் அதனைக் கண்டுவிடுகின்றாள். மகனைப் பறித்துக்கொண்டு போதல் அந்நிலையில் இயல்பு. வைது போதலும் இயல்பு. அவள் இரண்டும் செய்திலள். ஏன் மயங்குகின்றாய், நீயும் இவனுக்குத் தாயே எனக் கூறி, விரைந்து சென்று அவளைத் தழுவிக்கொள்கின்றாள். அவளோ, களவிற் பிடிபட்டார் போலத் தலைகவிழ்ந்து நிலங் கிளைத்து நாணி நிற்கின்றாள்.

இதனைப் பெருந்தன்மை என்று கூறி அமைவார் பலர். கூற்றினை நோக்கினால் வேறொன்று தோன்றும். யாரையும் அறியேன் என்று தலைவன் பொய்யுரைத்தபோது, அவனுக்கு எதிரே தலைவி இந்நிகழ்ச்சியை எடுத்துரைக்கின்றாள். தெருவிற் செய்த தழுவல் மனையிற் சான்றாகின்றது. அவள் எரிவு அவியவில்லை, இடம் மாறியது. அப்பெண்மேற் சென்றிருக்க வேண்டியது அவன் பொய்யின்மேற் சென்றது. அவள் நின் மகனுக்குத் தாயாதற்குத் தக்கவளே என்று முடிக்குங்கால், பெற்ற மகனை 'நம் மகன்' என்னாது அவன் மகன் என்றே சுட்டுகின்றாள். அச்சொல்லில் உள்ள விலக்கம் வாயில் மறுத்தலினும் கடுமையுடைத்து என்பது எம் கருத்து. ஆயினும் அப்பெண்ணை இழித்துரைக்கும் சொல் ஒன்றும் அவள் கூற்றில் இல்லை; வானுறை தெய்வம் அனையாள் என்றே கூறுகின்றாள். அது மெய்யோ குத்தலோ என்பதை உறுதி செய்தல் அரிது. இரண்டும் ஒருங்கிருத்தல் கூடும்.

தலைவியின் சொல்லோடு பாட்டு நின்றுவிடுகின்றது. தலைவன் கூறிய மறுமொழி அதில் இல்லை. கதவு திறந்ததோ என்பதும் இல்லை.