நம் மலையில் தங்கம் ஏன் இல்லை?

சென்ற மாதம் படிவம் மூன்று வகுப்பில் அறிவியல் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். கையில் பழைய ஊறுகாய்ப் போத்தல். பாதி தண்ணீர், அடியில் மணல். தேயிலைத் தோட்டத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் அள்ளியதாம். போத்தலைச் சன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினாள். மணலுக்கிடையே பொன்னிறத் துகள்கள் மின்னின.

"டீச்சர், இது தங்கமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "அப்பாகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றாள்.

சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல இது. நம் பகாங் மாநிலத்திலேயே ஓர் ஊர் முழுவதும் தங்கத்தால் உருவானது. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் சாலையில் இறங்கினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அந்த ஊரை அடைந்துவிடலாம். அங்கே தங்கம் இருக்கும்போது இங்கே ஏன் இருக்கக் கூடாது? அவள் கேள்விக்குப் பதில் சொல்ல நாம் ஆஸ்திரேலியா வரை போய்வர வேண்டும், மாணவர்களே.

முதலில் ஒரு சோதனை

போத்தலிலிருந்து ஒரு துகளை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தோம். குண்டூசி முனையால் அழுத்தச் சொன்னேன். துகள் ஏடு ஏடாகப் பிரிந்தது. தங்கமாக இருந்தால் பிரியாது. மென்மையான உலோகம் என்பதால் நசுங்கித் தட்டையாகும்.

அடுத்து, மணலை ஒரு தட்டில் கொட்டித் தண்ணீரோடு சுழற்றினோம். மின்னும் துகள்கள் தண்ணீரோடு எழும்பி அலைந்தன. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு 19.3 கிராம். மணலில் அதிகம் இருக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 கிராம்தான். ஏழு மடங்கு கனமான தங்கம் மணலுக்கும் கீழே போய்ப் படிந்திருக்க வேண்டும்.

ஆக, அது மைக்கா. நம் மலை பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்னும் கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழையிலும் வெயிலிலும் கல் மட்கும்போது ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது. கறுப்பு மைக்கா நிறம் மாறிப் பொன்போல மின்னுகிறது. நம் முன்னோர் இதற்குப் பொருத்தமாகவே 'காக்காய்ப் பொன்' என்று பெயர் வைத்தார்கள்.

கையால் அள்ளிய ஊர்

இப்போது அந்த மலையடிவார ஊருக்குப் போவோம். அதன் பெயர் ரவுப். கையால் அள்ளுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். டூலாங் தட்டில் மணலை அரித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி தங்கம் கிடைத்ததாம். 'ஒரு பிடி' என்பது கதை. ஆனால் மலாய்க்காரர்களும் சீனர்களும் அங்கே நெடுங்காலம் தங்கம் அரித்தார்கள் என்பது உண்மை.

1888இல் பகாங்கில் பிரிட்டிஷ் ஆலோசகர் ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டே வில்லியம் பிபி என்பவர் ரவுப்பில் சுரங்க வேலையைத் தொடங்கினார். அவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தவர். அவருடைய நிறுவனத்தின் பெயரிலேயே ஆஸ்திரேலியா இருந்தது: ரவுப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனம். அது புக்கிட் கோமான் பகுதியில் நிலத்துக்கு அடியில் தோண்டிப் பாறையை வெட்டி எடுத்தது.

ஆற்று மணலை அரித்துக்கொண்டிருந்த ஊரில் பாறைக்குள் போகலாம் என்ற துணிவு எப்படி வந்தது? அந்தப் பாடத்தை அவர்கள் சொந்த நாட்டில் கற்றிருந்தார்கள்.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

1851இல் நியூ சவுத் வேல்ஸில் தங்கம் கிடைத்த செய்தி பரவியது. அதே ஆண்டில் விக்டோரியாவின் பல்லாரட், பெண்டிகோ பகுதிகளிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கப்பல் மாலுமிகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடினார்கள். 1851இல் ஏறத்தாழ 77,000 ஆக இருந்த விக்டோரியாவின் மக்கள்தொகை, பத்தே ஆண்டில் 540,000 அளவுக்கு உயர்ந்தது.

முதலில் வந்தவர்கள் ஓடை மணலையும் மேல்மண்ணையும் அரித்தார்கள். 1869இல் மோலியாகுல் என்ற இடத்தில் இருவர் ஒரு தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார்கள். அது தரைக்குச் சில செண்டிமீட்டர் கீழேதான் கிடந்தது. அதிலிருந்த தங்கத்தின் எடை 70 கிலோவுக்கு மேல்! இப்படிப்பட்ட செய்திகள்தாம் உலகெங்கும் பரவின. வெறுங்கையோடு திரும்பிய ஆயிரக்கணக்கானோரைப் பற்றி யாரும் பேசவில்லை. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுவதற்கு மாதந்தோறும் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கோபம் முற்றி, 1854இல் பல்லாரட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள்.

சில ஆண்டுகளில் மேல்மண் தங்கம் தீர்ந்தது. அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது: இந்தத் தங்கம் ஓடைக்கு எங்கிருந்து வந்தது? மேலே தேடிப் போனவர்கள் பாறைக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடிய குவார்ட்ஸ் நரம்புகளைக் கண்டார்கள். ஓடைத் தங்கம் அந்த நரம்புகள் உடைந்து உதிர்ந்த மிச்சம்தான். 1867இல் தங்கம் கிடைத்த குயின்ஸ்லாந்தின் ஜிம்பியிலும் பின்னர் பாறைச் சுரங்கங்கள் வந்தன. 'மணலில் தங்கம் இருந்தால் மேலே நரம்பைத் தேடு' என்ற இந்த அனுபவம்தான் கடல் தாண்டி ரவுப்புக்கு வந்தது.

ஒரு பவுனுக்கு 2,000 டன்

சாதாரணப் பாறையிலும் தங்கம் உண்டு. ஆனால் ஒரு டன்னில் சில மில்லிகிராம்தான். 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் எடையுள்ள ஒரு பவுனுக்கு 2,000 டன் பாறையை உடைக்க வேண்டும். யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு டன்னில் 4 கிராம் இருந்தால்? 2 டன் போதும். இந்த ஆயிரம் மடங்கு வேலையை இயற்கை செய்து கொடுத்தால்தான் அந்த இடம் தங்கவயல் ஆகும்.

இயற்கை இதைச் சுடுநீரால் செய்கிறது. இரண்டு நிலப்பகுதிகள் மோதும்போது இடையிலுள்ள கடலடிப் பாறைகள் நசுங்கிப் பூமிக்குள் ஆழமாகத் தள்ளப்படுகின்றன. அங்குள்ள வெப்பத்தில் பாறைக்குள் சிக்கியிருந்த நீர் வெளியேறுகிறது. அந்த நீரின் வெப்பம் 300 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஆனாலும் மேலேயுள்ள பாறையின் அழுத்தம் அதைக் கொதித்துப் பொங்க விடுவதில்லை. அதில் கந்தகம் கரைந்திருக்கிறது. தங்கம் கந்தகத்தோடு சேர்ந்து நீரில் கரைகிறது.

வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் தூக்கியதும் அழுத்தம் குறைந்து நீராவி சீறுகிறது அல்லவா? பூமியதிர்ச்சியில் பாறை விரிசல் விடும்போது அப்படித்தான் அழுத்தம் சட்டென்று குறைகிறது. கரைந்திருந்த பொருள்களை நீரால் தாங்க முடியவில்லை. குவார்ட்ஸ் படிகிறது, கூடவே தங்கமும் படிகிறது. சுற்றியுள்ள பாறையில் இரும்பு இருந்தால் கந்தகம் அதோடு சேர்ந்து பைரைட் ஆகிவிடும். துணையை இழந்த தங்கம் அங்கேயே தங்கிவிடும். பைரைட் மஞ்சளாக மின்னிப் பலரை ஏமாற்றியது; ஆனால் பல சுரங்கங்களில் தங்கம் அதன் பக்கத்திலேயே இருந்தது.

விரிசல் மூடும், மீண்டும் பிளக்கும், மீண்டும் படியும். இப்படிப் பல முறை நடந்து ஒரு நரம்பு உருவாகிறது.

மலையடிவாரத்தில் ஒரு கடல்

இந்த மோதல் பகாங்கிலும் நடந்தது. தீபகற்ப மலேசியா ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருக்கவில்லை. மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் தனித்தனியாக இருந்தன. நடுவில் பழைய டெத்திஸ் என்னும் பெருங்கடல் இருந்தது. 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பு அந்தக் கடல் மூடி, இரு நிலங்களும் மோதி ஒட்டிக்கொண்டன.

ஒட்டிய தையல்கோட்டைப் புவியியலாளர்கள் 'பெந்தோங்-ரவுப் தையல்' என்கிறார்கள். அது நம் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. அங்குள்ள சில பாறைகளை நுண்ணோக்கியில் பார்த்தால், ஆழ்கடலில் வாழ்ந்த ரேடியோலாரியா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் தெரியும். மலைக்காட்டுக்குள் ஆழ்கடலின் கையெழுத்து! நசுங்கிய அந்தக் கடலடிப் பாறைகளுக்கு அருகில்தான் ரவுப், செலின்சிங், பெஞ்சோம் ஆகிய தங்கச் சுரங்கங்கள் வரிசையாக அமைந்தன.

நாம் வாழும் கருங்கல் மலையின் பிறப்பு வேறு. மோதலில் தடித்துப்போன நிலத்தின் அடிப்பகுதி உருகி, ஆழத்திலேயே மெல்ல இறுகிக் கருங்கல்லானது. இந்தக் கருங்கல்லோடு வந்த செல்வம் ஈயம். மலைக்கு அந்தப் பக்கம் ஈப்போவும் கிந்தா பள்ளத்தாக்கும் ஈயத்தால் வளர்ந்தது அதனால்தான். மேற்கே ஈயம், கிழக்கே தங்கம், நடுவில் நாம்.

சுரங்கம் கொடுத்த வெளிச்சம்

பாறையை வெட்டுவது, தூளாக்குவது, சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பது எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். ரவுப் நிறுவனம் 1900இல் சுங்கை செம்பாமில் நீர்மின் நிலையம் அமைத்தது. மலாயாவின் முதல் நீர்மின் நிலையம் அதுதான். பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து ரிங்லெட்டில் நாம் தினமும் பார்க்கும் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல்தான் வந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1902இல், காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் மின்கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். கோலார் என்றதும் உங்களுக்குச் சினிமா நினைவுக்கு வரலாம். நிஜக் கோலாரில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்தினர். நம் தாத்தா பாட்டிமார் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில் அவர்கள் ரயிலேறிக் கோலாருக்குப் போனார்கள்.

தங்கம் போனபின்

சுரங்கம் ஆழமாக ஆகச் செலவு ஏறும். ஆனால் 1934 முதல் 1971 வரை தங்கத்தின் அதிகாரபூர்வ விலை ஓர் அவுன்ஸுக்கு 35 அமெரிக்க டாலராகவே இருந்தது. இந்த நெருக்கடியில் உலகெங்கும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ரவுப்பின் நிலத்தடிச் சுரங்கமும் 1960களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கோலார் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது.

மூடிய பின்னும் ஒன்று மிஞ்சும்: அரைத்து ஒதுக்கிய பாறைத் தூள். சுரங்கத்துக்கு வெளியே மலை மலையாகக் குவிந்து கிடக்கும். தங்கத்தோடு ஆர்செனிக் கலந்த கனிமங்களும் வருவது வழக்கம். ஆழத்தில் அடங்கிக் கிடந்த அந்த நஞ்சு, தூளானதும் காற்றிலும் நீரிலும் பரவுகிறது. விக்டோரியாவின் பழைய தங்கவயல் ஊர்களில் மண்ணில் ஆர்செனிக் இருக்கிறதா என்று இன்றும் கவனிக்கிறார்கள்.

அந்தத் தூளில் கொஞ்சம் தங்கமும் மிஞ்சியிருக்கும். சயனைடு கரைசல் ஆக்சிஜன் உதவியோடு அதைக் கரைத்தெடுக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1887இல் உருவான முறை இது. ரவுப்பில் பழைய தூளிலிருந்து 2009 முதல் இப்படித் தங்கம் எடுக்கப்பட்டது. சயனைடு தங்கள் உடல்நலத்தைப் பாதிக்கும் என்று அஞ்சிய புக்கிட் கோமான் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். பின்னர் அந்த ஆலையும் மூடப்பட்டது. இதிலிருந்து ஒன்றை நினைவில் வையுங்கள். ஓரிடத்தில் தங்கம் இருக்கிறதா என்பதற்கு அறிவியல் பதில் சொல்லும். எடுக்கலாமா, எடுத்தால் மிச்சத்தை யார் காவல் காப்பது என்ற கேள்விகளுக்கு அங்கே வாழும் மக்களும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

போத்தல் திரும்பிப் போனது

மறுவாரம் அந்த மாணவியிடம் கேட்டேன், "அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன் டீச்சர். தங்கம் இல்லைன்னதும் சிரிச்சாரு. அப்புறம், இந்தக் கல்லு மட்கித்தான் நம்ம தேயிலை நிக்கிற மண்ணு வந்துச்சுன்னு சொன்னேன். அத மட்டும் ரெண்டு தடவ சொல்லச் சொன்னாரு."

நீங்களும் ஓடை மணலை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஊசியால் அழுத்துங்கள், தட்டில் சுழற்றுங்கள். மஞ்சள் கல் கிடைத்தால் பளபளப்பில்லாத ஓட்டின் பின்புறத்தில் உரசுங்கள்: தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் கரும்பச்சைக் கோடு போடும். அடுத்த முறை சுங்கை கோயான் சாலையில் இறங்கும்போது, வண்டிக்குள் இருந்தபடியே வெட்டிய மலைச்சரிவுகளின் பாறையைக் கவனியுங்கள். எங்கே கருங்கல் முடிந்து கருமையான ஏட்டுப்பாறை தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஆர்வம் வந்துவிட்டால், மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் படிக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய சுரங்கக் குழி எதைக் கண்டாலும் உள்ளே போகாதீர்கள். அங்கே காற்று நல்லதாக இருக்காது. கூரையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.