மேடை நடுவே ஒலி ஓய்வதேன்? இசைக்கலைஞரின் பெடல்களும் மீள்மின்னேற்ற மின்கலங்களும்

திருவிழாக் காலங்களில் ஜோகூர் பாரு, குளுவாங், சிகாமட், மூவார் முதலிய ஊர்களின் கோயில் வளாகங்களிலும் பொது மண்டபங்களிலும் இன்னிசை நிகழ்ச்சிகள் நடைபெறுவதை நாம் அறிவோம். மேடையில் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் சிறு உலோகப் பெட்டிகள் சில வரிசையாக இருக்கக் காணலாம். அவற்றைக் காலால் மிதித்தால், கிட்டாரின் ஒலி கரகரப்பாகவோ, அலையலையாகவோ, எதிரொலியுடனோ மாறும். ‘எஃபெக்ட்ஸ் பெடல்’ என்பது அவற்றின் பெயர். கலைஞர்கள் சுருக்கமாகப் ‘பெடல்’ என்பர். கிட்டாருக்கு மட்டுமே உரியவை அல்ல இவை. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் கருநாடக இசையை உலகெங்கும் கொண்டுசென்றார். அதுபோல் மின்வழி ஒலிக்கும் எந்த நரம்புக் கருவியோடும் பெடலை இணைக்கலாம்.

பாட்டின் நடுவே பெடலுக்கு மின்சாரம் நின்றுபோனால், கருவியின் ஒலியும் அதனுடன் அடங்கிவிடும். பாடகர் பாடிக்கொண்டிருப்பார், விரல்கள் தந்தியில் ஓடிக்கொண்டிருக்கும், அவையோருக்கோ ஒன்றும் கேட்காது. இந்த அச்சத்தாலேயே கலைஞர் பலர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்துகின்றனர். பாதிகூடத் தீராத பழையதை எறிந்துவிடுகின்றனர். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க மின்கலங்கள் கடைகளில் இருந்தும், அவற்றை நம்பத் தயங்குகின்றனர். அத்தயக்கத்திற்குத் தக்க காரணம் உண்டு. அதைப் போக்கும் வழியும் உண்டு. ஆறாம் ஆண்டு மாணவரும் செய்யக்கூடிய ஒரு வகுத்தல் கணக்கே அவ்வழி. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்

‘பேட்டரியில் பவர் இல்லை’ என்று அன்றாடப் பேச்சில் சொல்கிறோம். ‘பவர்’ என்னும் அவ்வொரு சொல், வெவ்வேறான மூன்று அளவுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. நம் பள்ளி அறிவியலில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் அம்மூட்டையை அவிழ்த்துத் தருகின்றன. முதலாவது மின்னழுத்தம்; இதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். இரண்டாவது மின்னோட்டம், இதன் அலகு ஆம்பியர். பெடல்களில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம் ஆதலால், ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லி ஆம்பியரில் அதைக் குறிப்பர். மூன்றாவது கொள்ளளவு, இது மில்லி ஆம்பியர்-மணி என்னும் அலகில் அச்சிடப்பட்டிருக்கும்.

வீட்டுக் கூரையின்கீழ் உள்ள நீர்த்தொட்டியை எண்ணிப் பார்ப்போம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப நீரின் அழுத்தம் அமைகிறது. இது மின்னழுத்தம் போன்றது. குழாயில் ஒரு நிமிடத்தில் ஓடும் நீரின் அளவு மின்னோட்டம் போன்றது. தொட்டி கொள்ளும் மொத்த நீர் கொள்ளளவு போன்றது. உயரம் சரியாக இருந்தும் தொட்டி சிறிதானால் நீர் விரைவில் தீரும். தொட்டி பெரிதாக இருந்தும் தாழ்வாக இருந்தால் நீர் வேகமாக வராது. பேட்டரியிலும் இவ்விரு குறைகள் வேறு வேறானவை. அவற்றுக்கான தீர்வுகளும் வேறு வேறானவை.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். கொள்ளளவு மிகுந்த பேட்டரியை இணைத்தால் பெடல் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வாறு நேராது. பெரிய தொட்டி இருக்கிறது என்பதற்காகக் குழாயில் மிகுதியான நீர் பாய்வதில்லை. பெடல் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே இழுத்துக்கொள்ளும். மின்னழுத்தமும், நேர்முனை எதிர்முனை இணைப்பும் பொருந்தினால் போதும்.

9 வோல்ட் வழக்கான வரலாறு

பெடலில் பொருத்தப்படும் சிறு செவ்வகப் பேட்டரி இசைக்காகப் பிறந்ததன்று. டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளுக்காக 1950களில் அது சந்தைக்கு வந்தது. தோட்டப்புறங்களில் அத்தகைய வானொலியைக் கேட்டு வளர்ந்த மூத்தோருக்கு அதன் வடிவம் நன்கு நினைவிருக்கும். 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’, ஒலியைக் கரகரப்பாக்கும் தொடக்ககாலப் பெடல்களுள் புகழ்பெற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பாடலொன்றில் அதனைப் பயன்படுத்திய பின்னர் அவ்வொலி உலகெங்கும் பரவியது. அக்கருவி சிறிய 1.5 வோல்ட் மின்கலங்களால் இயங்கியது. அதன்பின் வந்த பெடல்களில் 9 வோல்ட் என்பதே பொது வழக்காக நிலைபெற்றது.

சுவரில் மின்செருகி இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று மாணவர் கேட்கலாம். திறந்தவெளி மேடைகளில் மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேட்டரிலிருந்தோ, நீண்ட இணைப்புக் கம்பி வழியாகவோ வருகிறது. மலேசியாவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறுகிறது. தரம் குறைந்த மின்மாற்றிக் கருவியாலோ, இரு கருவிகள் வெவ்வேறு வழிகளில் தரையிணைப்புப் பெறுவதாலோ, அவ்வலைவு 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாக ஒலிபெருக்கியில் நுழைந்துவிடும். மேற்கத்திய இசையின் ‘ஜி’ சுரம் கீழ் நிலைகளில் 49, 98 ஹெர்ட்ஸ் ஆகும். ஆகவே அவ்விரைச்சல், யாரும் வாசிக்காத ஒரு சுரம் இரவு முழுவதும் ரீங்கரிப்பதுபோல் கேட்கும். பேட்டரியில் இயங்கும் பெடலுக்குச் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு இல்லாமையால் அதன் மின்வழங்கல் தூய்மையாக இருக்கும். தைப்பூச ஊர்வலம் போல நடந்துகொண்டே இசைக்கும் இடங்களிலோ மின்செருகியே கிடையாது.

எச்சரிக்கும் மின்கலமும் எச்சரிக்காத மின்கலமும்

தயக்கத்தின் வேர் இங்குதான் உள்ளது. ஒருமுறை மட்டும் பயன்படும் கார மின்கலப் பேட்டரியினுள் 1.5 வோல்ட் மின்கலங்கள் ஆறு அடுக்கப்பட்டிருக்கும். ஆறு பெருக்கல் 1.5 சமம் 9. நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகை மீள்மின்னேற்ற மின்கலம் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் மட்டுமே தரும். ஆறு கலங்களைக் கொண்டது 7.2, ஏழைக் கொண்டது 8.4, எட்டைக் கொண்டது 9.6 வோல்ட் ஆகும். மூன்றும் கடையில் ‘9 வோல்ட்’ என்னும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. லித்தியம்-அயனி வகையில் 3.7 வோல்ட் கலங்கள் இரண்டு சேர்ந்து 7.4 வோல்ட் தரும். சிலவற்றில் உள்ளே பொருத்திய மின்சுற்று அதனை 9 வோல்ட்டாக உயர்த்தி நிலைநிறுத்தும். ஆக, ‘9 வோல்ட்’ என்பது அளவு என்பதைவிட வடிவத்தின் பெயர் என்பதே பொருந்தும். வாங்குமுன் உறையில் உள்ள உண்மை எண்ணைப் படிக்க வேண்டும்.

தீரும் முறையிலும் இவை வேறுபடுகின்றன. கார மின்கலத்தின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். பெடலின் சிறு விளக்கு மங்கும். ஒலி சற்றே தளரும். பழகிய காது அதை உணர்ந்து, இடைவேளையில் பேட்டரியை மாற்றச் செய்யும். மீள்மின்னேற்ற வகையோ நெடுநேரம் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்று, இறுதியில் செங்குத்தாக விழும். மின்சுற்று பொருத்திய லித்தியம் வகை கடைசி நிமிடம்வரை 9 வோல்ட்டைத் தந்து, விளக்கணைத்தாற்போல் நின்றுவிடும். அதன் சிறப்பே அதன் குறையாகிறது: தளராமையால் எச்சரிப்பதும் இல்லை. காதை நம்பிய கலைஞர் இங்குக் கணக்கை நம்ப வேண்டியவராகிறார்.

வகுத்தல் கணக்கு

பெடலின் கையேட்டிலோ அடிப்புறத்திலோ அது இழுக்கும் மின்னோட்டம் குறிக்கப்பட்டிருக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் எளிய பெடல் சில மில்லி ஆம்பியர் மட்டுமே இழுக்கும். எதிரொலி தரும் எண்முறைப் பெடல் 50 முதல் 100 வரையிலும் இழுக்கக்கூடும். பேட்டரியின் கொள்ளளவைப் பெடலின் மின்னோட்டத்தால் வகுத்தால், எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 200 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு மீள்மின்னேற்றப் பேட்டரியைக் கொள்வோம். பழமையையும் வெப்பத்தையும் கருதி ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் 160 எஞ்சும். 8 மில்லி ஆம்பியர் இழுக்கும் கரகரப்புப் பெடலுக்கு 160ஐ 8ஆல் வகுக்க, 20 மணி நேரம் கிடைக்கிறது. 60 மில்லி ஆம்பியர் இழுக்கும் எதிரொலிப் பெடலுக்கோ 2 மணி 40 நிமிடமே கிடைக்கிறது. ஒலிச் சோதனையுடன் சேர்த்து நிகழ்ச்சி 4 மணி நேரம் எனில், முதலாவது பெடல் ஐந்து நிகழ்ச்சிகளைத் தாங்கும். இரண்டாவது ஒரு நிகழ்ச்சியைக்கூட முடிக்காது. இரண்டிலும் இருப்பது ஒரே பேட்டரிதான். ‘மீள்மின்னேற்றப் பேட்டரி நம்பத்தக்கதன்று’ என்னும் பொதுத்தீர்ப்பு, பொருந்தாத பெடலில் அதைப் பொருத்தியதால் எழுந்ததாகவே பல வேளைகளில் இருக்கும்.

மிகுதியாக இழுக்கும் பெடல்களுக்குக் கைப்பேசிக்குப் பயன்படும் பவர் பேங்க் உதவும். அதில் அச்சிட்ட 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கலத்திற்கு உரியது. இரண்டையும் பெருக்கினால் 37 வாட்-மணி. மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு எனக் கொண்டு, மீதியை 9 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 3,300 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். இதனை 5 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு உயர்த்தும் இணைப்புக் கம்பி தேவை. இரு எச்சரிக்கைகளும் உண்டு. மிகச் சிறிய மின்னோட்டமே இழுக்கப்பட்டால், கைப்பேசி நிறைந்துவிட்டது என்று கருதிச் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்சுற்று சில பெடல்களில் கீச்சொலியையும் உண்டாக்கும். ஆகவே வீட்டிலேயே முழு நேரம் இயக்கிப் பார்க்காமல் மேடைக்குக் கொண்டுசெல்லலாகாது.

பழக வேண்டிய ஒழுங்குகள்

பேட்டரி பொருத்திய பெரும்பாலான பெடல்களில், கருவியின் கம்பியை உள்ளீட்டுத் துளையில் செருகியதுமே மின்னோட்டம் தொடங்கிவிடும். மிதித்து அணைத்தாலும் அது நிற்பதில்லை. ஒத்திகை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவைத்தால் அவ்விழப்பைத் தவிர்க்கலாம். சாதாரண நிக்கல் வகை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தன் மின்னேற்றத்தை இழந்துகொண்டே இருக்கும்; நம் வெப்பநிலை அதனை விரைவுபடுத்தும். எனவே நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மின்னேற்றுவதே நன்று.

9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து உள்ளன. சாவியோடும் நாணயத்தோடும் பையில் போட்டால் முனைகள் இணைந்து சூடேறித் தீப்பற்றவும் கூடும். முனைகளின்மேல் மூடியோ ஒட்டுநாடாவோ இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வகையையும் அதற்குரிய மின்னேற்றியிலேயே ஏற்ற வேண்டும். கார மின்கலத்தை ஒருபோதும் மின்னேற்றலாகாது. வெயிலில் நிற்கும் காரினுள் லித்தியம் மின்கலத்தை விட்டுவைப்பதும், வீங்கிய கலத்தை மீண்டும் பயன்படுத்துவதும் தீங்கானவை. ஆயுள் முடிந்தவற்றை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், மின்கழிவு சேகரிப்பு இடங்களில் ஒப்படைத்தல் நம் கடமை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். பள்ளி இசைக்குழுவின் ஒவ்வொரு கருவிக்கும் வோல்ட், மில்லி ஆம்பியர், தாங்கும் மணி நேரம் ஆகிய மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையை மாணவர் வரையட்டும். பின்னர்க் கடிகாரத்துடன் அமர்ந்து, கணக்கிட்ட நேரமும் உண்மையில் தாங்கிய நேரமும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்று காணட்டும். ‘பவர் போய்விட்டது’ என்று சொல்லிவந்த மாணவர், ‘கொள்ளளவு போதவில்லை’ என்றோ ‘மின்னழுத்தம் இறங்கிவிட்டது’ என்றோ பிரித்துச் சொல்லத் தொடங்கும்போது, எதை மாற்றினால் ஒலி மீளும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.