ஒற்றைத் தண்டவாளத்து வண்டி

தலைநகர் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள், சாணக்கியபுரியிலுள்ள தேசிய இரயில் காட்சிச்சாலையை ஒருமுறையேனும் காணாதவை சிலவே இருத்தல் கூடும். ஊரிலிருந்து உறவினர் வந்தால், குதுப்மினாருக்கும் செங்கோட்டைக்கும் அடுத்தபடியாகக் குழந்தைகள் நம்மை இழுத்துச் செல்வது அங்கேதான். பேருருவம் படைத்த எஞ்சின்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொம்மை இரயிலில் ஒரு சுற்றும் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறோம். அங்கேயே ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் நிற்கும் சிறிய எஞ்சினையும் அதனுடன் உள்ள பெட்டியையும் நின்று நோக்குவோர் குறைவு. அவ்வண்டி பிழைத்து வந்த கதை பலரும் அறியாதது. ஆதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பாட்டியாலா சமஸ்தானத்தை மகாராஜா பூபிந்தர் சிங் ஆண்ட காலம். 1907ஆம் ஆண்டில், கர்னல் பவுல்ஸ் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில், சர்ஹிந்து இரயில் நிலையத்தைப் பஸ்ஸி என்னும் ஊருடன் இணைக்க ஒரு தடம் இடப்பெற்றது. பாட்டியாலா நகரிலிருந்து பவானிகர் வழியாகச் சுனாம் நோக்கி மற்றொரு தடம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 மைல் என்பர். பஞ்சாபின் தானிய மூட்டைகளையும் பிரயாணிகளையும் பெரிய இரயில் பாதைக்குக் கொண்டு சேர்ப்பதே இவற்றின் வேலை.

தண்டவாளம் ஒன்றே என்றோம். வண்டி சாயாமல் எப்படி நின்றது? சாலையின் ஓரமாகத் தரையோடு தரையாக ஒரே இருப்புப் பாளம் பதிக்கப்பெற்றது. பெட்டியின் அடியில் ஒரு பக்கமாக அமைந்த சிறு சக்கரங்கள், இருபுறமும் விளிம்பு வைத்தவை, அப்பாளத்தைக் கவ்வி ஓடும். மறுபக்கத்தில் ஒரு சட்டம் நீண்டு, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம் வெறும் சாலைமேல் உருளும். பாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அளவில் தண்டவாளமே தாங்கிக்கொள்ளும். பெரிய சக்கரம் தாங்குவது சிறு பங்கு. வண்டி கவிழாமல் காப்பதே அதன் கடமை. சந்தைக்குக் காவடி சுமந்து போகிறவன் ஒரு கையை நீட்டிச் சமன் செய்துகொள்வதை ஒத்தது இது.

இதனால் விளைந்த நன்மைகள் பல. இரும்பு பாதியளவே போதும். தனியே நிலம் எடுக்க வேண்டியதில்லை. இருக்கின்ற சாலையே இடம் கொடுத்தது. அனைத்திலும் மேலாக, மண் சாலையில் திணறும் விலங்கு இரும்பின்மேல் உருளும் பாரத்தை எளிதில் இழுத்தது. ஆம், இத்தடத்தில் முதலில் வண்டி இழுத்தவை கோவேறு கழுதைகளே. சமஸ்தானத்துப் படையின் போக்குவரத்துக்கென்று அவை பெருந்தொகையாக வளர்க்கப்பெற்றன; போரில்லாக் காலத்தில் தீனி தின்றுகொண்டு லாயத்தில் நிற்பானேன் என்று மகாராஜா எண்ணியது நியாயமே. பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனியார் செய்த நான்கு நீராவி எஞ்சின்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

மோட்டார் வண்டிகளும் நல்ல சாலைகளும் பெருகின. 1927 அக்டோபரில் இத்தடம் மூடப்பட்டது. எஞ்சியவை பாட்டியாலாவில் மராமத்து இலாகாவின் கொட்டகை ஒன்றில் ஒதுங்கின. முப்பத்தைந்து ஆண்டுகள்! அதற்குள் சமஸ்தானமே இல்லாமற் போயிற்று.

1962இல் மைக் சாட்டோ என்னும் ஆங்கிலேயர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் இரயில்வே உத்தியோகஸ்தர் அல்லர். ஒரு பெரிய இரசாயனக் கம்பெனியின் இந்தியக் கிளையை நிருவகித்தவர். பழைய எஞ்சின்களைத் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அதற்கென ஊதியம் கொடுத்தவர் எவருமில்லை. கொட்டகையில் துருவேறிக் கிடந்தவை இன்னவை என்று அடையாளம் கண்டவர் அவர். இரயில் காட்சிச்சாலை அமைக்கும் முயற்சியிலும் கௌரவ ஆலோசகராய் நின்று உழைத்தார். 1971இல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்ட, 1977இல் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. நான்காம் எண் எஞ்சினை அமிர்தசரஸ் இரயில்வே தொழிற்சாலைத் தொழிலாளர்கள் செப்பனிட்டு மீண்டும் ஓடும் நிலைக்குக் கொணர்ந்தனர்.

பெட்டியின் செய்தி வேறு. தலைமைப் பொறியாளர் தடத்தைப் பார்வையிடப் பயன்படுத்திய வண்டி அது. பழைய அடிச்சட்டம் ஒன்றன்மேல் மேற்கூடு முழுதும் புதிதாகக் கட்டப்பெற்றது. ‘அப்படியானால் இது பழைய வண்டியா?’ என்று கேட்பாருளர். நம் ஊர் மாட்டுவண்டியை எண்ணிப் பார்க்கலாம். ஆரக்கால் முறிந்தால் புதியது இறக்குகிறோம். வட்டை தேய்ந்தால் மாற்றுகிறோம். பாட்டனார் வண்டி என்றே வழங்குகிறோம். மரம் மக்கும், இரும்பு நிற்கும், அது இயற்கை. எது பழையது, எது புதியது என்று பார்வையாளருக்கு ஒளிக்காமல் உரைத்தல் மட்டும் செப்பனிடுவோர் கடமை என்பது எம் கருத்து. பெரிய குறையாக எமக்குப் படுவது வேறொன்று: எஞ்சினுக்கு மறுவாழ்வு கிடைத்தது; தடத்தைத் தொடங்கி வைத்த கோவேறு கழுதைகளின் சேணமும் நுகமும் எங்கே? அக்காலத்து வண்டியோட்டிகள் கடிவாளம் பிடித்த முறையைக் கேட்டறிந்து எழுதி வைத்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

நம்மவர்க்கு இதில் ஓர் உறவும் உண்டு. இதே முறையிலான ஒற்றைத் தண்டவாளம் 1902இல் மூணாற்றிலும் இடப்பெற்றது. ஆங்கே இழுத்தவை காளைகள். தேயிலைப் பெட்டிகளைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை அவை கொண்டு சென்றன. அங்கிருந்து கம்பிவட வழியாகப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1908இல் அது குறுகிய இரட்டைத் தண்டவாளப் பாதையாக மாறியது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அப்பாதையை அடியோடு அழித்தது. மூணாறு தேயிலைக் காட்சிச்சாலையில் அந்த இரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. காளை இழுத்த வண்டியை நினைவில் வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் தலைமுறை மறைந்துவிட்டது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இந்நகரிலும் இருத்தல் கூடும். பாட்டன் சொன்ன செய்தியோ, பெட்டியடியில் பழைய படமோ எவரிடமேனும் இருப்பின், சங்கத்துக்கு எழுதுமாறு வேண்டுகிறோம். அடுத்த இதழில் வெளியிட ஆவலாயுள்ளோம்.