எங்கள் வீட்டு ஒலிப்பதிவுக் கூடம்

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

தலைப்பில் கூடம் என்று எழுதிவிட்டேனே தவிர, அது ஓசூர் சிப்காட்டுக்குப் பின்புறம் உள்ள லைன் வீடு ஒன்றின் பத்தடி அறைதான். ஒரு மூலையில் அரிசி மூட்டை, ஆணியில் அப்பாவின் கம்பெனிச் சட்டை, ஜன்னலோரம் என் மேசை. இந்த அறையில் பாட்டைப் பதிவு செய்யவும், பதிந்ததைக் கலவை செய்யவும் நான் கற்றுக்கொண்ட கதையை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்லலாம் என்று துணிந்தேன். கதை ஒரு தவறில் தொடங்குகிறது.

என் தாத்தா கூத்துக் கலைஞர். முகவீணை வாசிப்பார். நாதசுரத்தின் தம்பி போன்ற அந்தச் சிறு குழல் கூத்துக்காரரின் குரலை நிழல்போலத் தொடர்ந்து செல்லும். நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எங்கள் ஊரில் பாரதம் நடந்தது. பதினெட்டாம் போர்க் கூத்தன்று தாத்தாவின் வாசிப்பைப் பதிவு செய்ய ஆசைப்பட்டு, என் கைப்பேசியை ஒலிபெருக்கி கட்டிய கம்பத்திலேயே கட்டிவிட்டேன். சத்தம் எங்கே அதிகமோ அங்கேதான் பதிவு நன்றாக இருக்கும் என்பது அன்றைய என் விஞ்ஞானம்! விடிந்ததும் கேட்டால் தகரத்தைக் கிழிப்பது போன்ற இரைச்சல்தான் மிஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டு தாத்தாவுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. சீவாளியைப் பிடித்து ஊத முடியவில்லை. அந்தக் கிழிந்த பதிவைத் தவிர அவருடைய முகவீணை இன்று எங்கும் இல்லை.

என்ன நடந்தது என்பது இக்கல்லூரிக்கு வந்த பிறகே எனக்கு விளங்கியது. இலக்க முறைப் பதிவில் ஒலியலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் முறையில் 65,536 படிகளுள் ஒன்றாக எழுதப்படுகிறது. கடைசிப் படிக்கு மேலே படி கிடையாது. அதையும் தாண்டி வரும் அலையின் உச்சி, கத்தியால் சீவிய இளநீர் போலத் தட்டையாகிவிடும். சீவிப்போன பகுதி எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அதைத் தேடி எடுக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட உச்சிகளை ஊகித்து ஒட்டும் மென்பொருள்கள் உண்டு. நான் பல இரவுகள் முயன்றேன். அவை ஒட்டியது தாத்தாவின் மூச்சை அல்ல.

வீட்டிலேயே பதிவு செய்வது புதிய சங்கதியன்று. ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்திலேயே கூடம் அமைத்தார். ஆனால் அவர் சிறுவயது முதலே ஸ்டூடியோக்களில் கீபோர்டு வாசித்துப் பழகியவர். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்குத் தைரியம் தந்தது வேறொரு செய்தி. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூஜெர்சியில் தம் வீட்டில், நான்கு தடங்கள் கொண்ட கேசட் கருவி ஒன்றில் இரண்டு சாதாரண மைக்குகளை வைத்துச் சில பாடல்களைப் பதிந்தார். குழுவினருக்குப் பாட்டைக் காட்டுவதுதான் நோக்கம். பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு பாடிப் பார்த்தும் அந்தக் கேசட்டின் உணர்ச்சி கிட்டவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததே அவ்வாண்டு செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது.

நானும் தொடங்கினேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய கணிப்பொறி வாங்கினேன். 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருள் போதுமானதாக இருந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் பாடும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அண்ணன் ஒரு மைக்கும், அதைக் கணிப்பொறியோடு இணைக்கும் சிறு பெட்டியும் இரவல் தந்தார். முகவீணை போனாலும் தாத்தாவின் குரல் இருக்கிறது, உடுக்கை இருக்கிறது. அவற்றையாவது ஒழுங்காகப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

அறை ஒத்துழைக்கவில்லை. சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்று ஒரு நண்பர் சொல்ல, பரோட்டா கடையில் கெஞ்சி நாற்பது தட்டுகள் கொண்டு வந்தேன். நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரன் முன்போலவே வந்தது. புதிதாகக் கரப்பான் பூச்சிகளும் வந்தன. அம்மா அன்று பேசியதைப் பதிவு செய்யவில்லை. சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும். காகித அட்டைக்கு அந்த வலிமை கிடையாது. அறைக்குள் எதிரொலிப்பதைக் குறைக்க வேண்டுமானால் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஓர் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தினாலே பெருமளவு பயன் உண்டு. ஓசூர் குளிர்ந்த ஊர் என்பது இங்கே உதவியது: இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியலாம். இரண்டாம் ஷிப்ட் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, நள்ளிரவுக்கு மேல் எங்கள் தெரு ஓரளவு அடங்கும். அதுதான் எங்கள் நேரம்.

புத்தகத்தில் படித்தபடி முதலில் தாளத்தைப் பதிந்து, அதைத் தாத்தாவின் காதில் ஹெட்போன் வழியாகக் கேட்கவைத்து, குரலைத் தனித் தடத்தில் வாங்க எண்ணினேன். கணிப்பொறி 'டிக் டிக்' என்று தாளம் போட்டது. இரண்டு அடி பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏன்டா கண்ணு, இது யாருக்குத் தாளம் போடுது? எனக்கா, கடிகாரத்துக்கா?"

அவர் கேட்டது நியாயம். கூத்தில் காட்சி சூடேறும்போது காலமும் ஏறும். அந்த ஏற்றம் 'டிக் டிக்'குக்குத் தெரியாது. ஆகவே குரலையும் உடுக்கையையும் ஒன்றாகவே, ஒரே மைக்கில் பதிவு செய்ய முடிவு செய்தேன். அப்படியானால் பிறகு ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க முடியாதே! அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்த காலத்தில் மின்சார மைக்கே கிடையாது. ஓர் உலோகக் கொம்பின் வாய்க்கு முன்னே நின்று பாடவேண்டும். கொம்புப் பதிவில் உரத்த வாத்தியத்தைத் தள்ளி வைப்பார்கள், மெல்லியதைக் கிட்டே வைப்பார்கள். தூரமே அவர்களுக்குக் கலவைக் கருவி.

தலைகீழ் இருமடி விதியை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலியின் செறிவு நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுகிறது. ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் ஜன்னல் வழி வரும் இரைச்சலும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஆக, மைக்கை ஒரு முழம் நகர்த்துவது செய்யும் வேலையை எந்தப் பொத்தானும் செய்யாது. மிகவும் நெருங்கினாலும் ஆபத்துண்டு: ஒருதிசை மைக்கில் அடிக்குரல் வீங்கும், 'ப' என்றால் குண்டு வெடிக்கும். பன்னிரண்டு முறை பாடவைத்து, கடைசியில் வாய்க்கு ஒரு சாண், உடுக்கைக்கு இரண்டு முழம் என்று நிலைத்தோம். உரத்த இடத்திலும் அளவு உச்சிக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி பெட்டியைக் குறைத்து வைத்தேன். ஒருமுறை சுட்டுக்கொண்டவன் அல்லவா!

இத்தனைக்கும் பிறகு மிக்ஸிங் என்னும் ஒலிக்கலவைக்கு மிஞ்சியது சொற்பமே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். தூரத்து லாரி உறுமலும், நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் பெருமளவு போயின. தாத்தாவின் குரல் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. பத்தடிச் சுவர்களுக்கிடையே ஒலியின் நிலை அலை சுமார் 56 ஹெர்ட்ஸில் எழும் என்பது கணக்கு. அதுவும் இந்த வெட்டிலேயே அடங்கியது. அடுத்து, ஆசை விடாமல் செயற்கை எதிரொலியைத் தாராளமாகச் சேர்த்தேன். எனக்கு அது கோயில் மண்டபம் போல இருந்தது. தாத்தா கேட்டுவிட்டு, "நான் எப்படா கிணத்துக்குள்ள பாடினேன்?" என்றார். எடுத்துவிட்டேன்.

இன்னொரு ஏமாற்றையும் சொல்ல வேண்டும். அடிஒலியும் உச்சஒலியும் மெல்லக் கேட்கும்போது நம் காதுக்குக் குறைவாகவும், உரக்கக் கேட்கும்போது நிறைவாகவும் படுகின்றன. பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டினர். அதனால் ஒவ்வொரு முறையும் சற்றுச் சத்தத்தைக் கூட்டிக் கேட்டு, நம் வேலை மேம்பட்டதாக நாமே மகிழ்ந்துபோகிறோம். நான் இப்போது பேச்சுக்குரல் அளவில் வைத்துத்தான் கேட்கிறேன். பிறகு கைப்பேசியிலும், பக்கத்து வீட்டு அண்ணனின் வேனிலும் போட்டுப் பார்க்கிறேன்.

இதுவரை நான்கு பாட்டுகள் முடிந்துள்ளன. கர்ணன் பாட்டு பாக்கி. பனிக்காலத்தில் தொண்டை கட்டும், மாசி பிறக்கட்டும் என்கிறார் தாத்தா. மைக் நின்ற இடத்தையும் அவர் உட்கார்ந்த இடத்தையும் தரையில் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன். அறையைப் பெருக்கும்போது அம்மா அந்த இரண்டு வட்டங்களையும் சுற்றிக்கொண்டு பெருக்குகிறார்.