எண்ணெயை வடிகட்ட இறால் ஓடு!
வேலை முடிந்தால் மண்ணோடு மண்ணாகும்

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

"குரோம் லெதர் கம்பெனி"யால் வந்தது! 1912-ல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய தோல் தொழிற்சாலை அது.

தோல் பதனிட்டால் கழிவு நீர் வரும். அதில் உப்பும் குரோமியமும் மட்டும் அல்ல. தோலில் ஒட்டிய கொழுப்பும், தோலை மெதுவாக்கத் தடவும் எண்ணெயும் இருக்கும்.

1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. 5 மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10 ஆயிரம் ரூபாய் அபராதம்! குரோம்பேட்டை இருந்த அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அந்த 5-ல் ஒன்று.

ஆறு, ஏரியில் விடும் கழிவு நீரில் லிட்டருக்கு 10 மில்லி கிராமுக்கு மேல் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது என்பது பொது விதி.

சோப்பு செய்யும் வம்பு

எண்ணெய்தான் மேலே மிதக்குமே, அள்ளிவிட்டால் போச்சு என்கிறீர்களா?

அங்கேதான் வம்பு. சோப்பு கலந்துவிட்டால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத பொடிச் சொட்டுகளாக உடைந்துவிடும். தண்ணீர் பால் போல ஆகிவிடும். எத்தனை நேரம் தொட்டியில் தேக்கினாலும் லேசில் பிரியாது.

இதற்குத்தான் "சவ்வு" வடிகட்டி. அதன் துளைகள் மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறியவை. தண்ணீர் போகும், எண்ணெய்ச் சொட்டு நிற்கும். தண்ணீருக்குள் இருக்கும் மீன் செதிலில் எண்ணெய் ஒட்டாது. அதே தந்திரம்தான் சவ்விலும்!

குப்பையாகும் பிளாஸ்டிக்

இப்போது விற்கும் சவ்வுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். நாளாக நாளாக அடைத்துக்கொள்ளும். கழற்றி எறிந்தால் மக்காது. ஒரு குப்பையை நீக்க வந்தது, இன்னொரு குப்பை ஆகிவிடும்.

ஆகவே மக்கும் சவ்வு செய்ய உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது. இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கும் "கைட்டோசான்" ஒரு சரக்கு. பஞ்சிலும் மரத்திலும் உள்ள "செல்லுலோஸ்" இன்னொன்று.

இது புதுசும் அல்ல. கடல் நீரைக் குடிநீர் ஆக்கும் சவ்வை 1960 வாக்கில் அமெரிக்காவில் செய்து காட்டிய இருவரில் ஒருவர், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சவுரிராஜன். அவர்கள் எடுத்துக்கொண்டதும் செல்லுலோசில் இருந்து வந்த சரக்குதான்! பிறகுதான் மற்ற பிளாஸ்டிக்குகள் முந்திக்கொண்டன.

என்ன சிக்கல்?

வேலை செய்யும்போது மக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் வேண்டும் என்றால் லேசா?

கைட்டோசான், புளிப்பு ஏறிய தண்ணீரில் கரைந்துவிடும். அதைக் கெட்டிப்படுத்த மருந்து சேர்த்தால், மக்குவது தாமதம் ஆகும். எண்ணெய் ஊறிய சவ்வை அப்படியே மண்ணில் புதைக்கவும் முடியாது. முதலில் கழுவி எடுக்க வேண்டும். கரைந்த உப்பையும் குரோமியத்தையும் இது பிடிக்காது. அதற்கு வேறு வைத்தியம்.

வாளியும் சவ்வும்

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே 2 கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் "மிச்சாங்" புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் புகுந்தது. மீனவர்களின் படகும் வலையும் கருப்பாயின. அப்போதும் கையால் அள்ளும் வேலைதான்!

கடலில் பரவிவிட்ட எண்ணெய்க்குச் சவ்வு உதவாது. தொழிற்சாலைக் குழாய் வாயிலேயே பிடிப்பதற்குத்தான் அது.

மெக்கானிக் ஷெட்டுக்கும் ஓட்டலுக்கும் இதே கணக்குதான். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் பிடித்து வைத்தால், அதை வடிகட்ட எந்தச் சவ்வும் வேண்டாம்.