ஏர் செதுக்கிய சரிவுகள்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்து வொர்த் மட்ராவர்ஸ் கிராமத்திலிருந்து கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஈஸ்ட் மேன், வெஸ்ட் மேன் என இரண்டு குன்றுகள். அவற்றின் சரிவெல்லாம் புல் மூடிய படிகள். இன்று அங்கே ஆடுமாடுகள் மேய்கின்றன. நடைபயணம் வருவோர் இயற்கை அழகென்று படமெடுத்துக்கொண்டு கடலுக்கு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பசியின் வடிவமாகவே தெரிகிறது.

1300 வாக்கில் இங்கிலாந்தில் மக்கள் பெருகி, நல்ல நிலம் போதாமல் போயிற்று. ஏர் தொடத் தயங்கிய சரிவுகளிலும் உழவு ஏறியது. எருதுகள் சரிவுக்குக் குறுக்கே நடந்தன. ஒவ்வோர் உழவிலும் புரண்ட மண் கொஞ்சம் கீழே சரிந்தது; உழாமல் விட்ட புல்வரப்பு அதைத் தடுத்து நிறுத்தியது. உழுத பட்டையின் மேல்விளிம்பு தேய்ந்தது, கீழ்விளிம்பு உயர்ந்தது. தலைமுறைகள் உழுதபின் சரிவு தட்டுத்தட்டாக நின்றது. ‘ஸ்ட்ரிப் லிஞ்செட்’ எனப்படும் இந்தப் படிகளில் கல் அடுக்கிய சுவர் கிடையாது; பெரும்பகுதி ஏரே செய்த வேலை. அந்த உழவர்களில் ஒருவர் பெயரும் அங்கே எழுதப்படவில்லை.

1315 முதல் விடாமழையும் பெரும் பஞ்சமும். 1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்ததாகச் சொல்லப்படும் மெல்கம்ப் துறைமுகமும் இதே டோர்செட்டில்தான் இருந்தது. நாட்டில் மூன்றில் ஒருவருக்கு மேல் மடிந்தார்கள். உழக் கையும் குறைந்தது, உண்ண வாயும் குறைந்தது. மெலிந்த சரிவுகள் பலவற்றை விட்டு ஏர் இறங்கியது. கம்பளிக்காக ஆடுகள் ஏறின.

கைவிட்டதால்தான் இந்தப் படிகள் பிழைத்தன. நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில் அதே காலத்து உழவு விட்டுச்சென்ற மேடுபள்ளங்கள் ஏராளமாக இருந்தன; இருபதாம் நூற்றாண்டின் டிராக்டர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சமன்செய்துவிட்டன. செங்குத்தான சரிவில் டிராக்டருக்கு வேலையில்லை. தொல்லியலாளர்கள் கிராஃபோர்டும் கெய்லரும் விமானத்திலிருந்து படமெடுத்து 1928இல் வெளியிட்ட நூல், சாய்வெயிலில் நிழல் விழும்போது பழைய வயல்கள் எப்படித் துலங்கும் என்று காட்டியது. இன்று லேசர் அளவீடு, தரையில் கண்ணுக்குப் புலப்படாத வரப்பையும் காட்டிக்கொடுக்கிறது.

மிஞ்சிய படிகளுக்கும் ஆபத்து உண்டு: மேய்ச்சல் அறவே நின்றால் புதர் மண்டி, வேர்கள் வரப்பைக் குடைந்துவிடும். ஈரத்தில் மாடுகள் மிகுந்தால் குளம்பு பட்டு விளிம்பு இடியும். ஆகவே எத்தனை உருப்படிகளை எந்தப் பருவத்தில் ஏற்றுவது என்ற கணக்கு இந்தப் படிகளுக்கு உயிர்ப்பிரச்சினை.