ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் – 17: சலினாஸ் கிராமத்துப் பிள்ளைகள்

புராஸ்டேட் சுரப்பி பெருத்தால் சிறுநீர்ப் பாதை எப்படி நெருக்கப்படுகிறது என்பதைப் போன வாரம் படத்தோடு பார்த்தோம். அந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருப்பவர்கள் ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல இந்த வாரம் இடமில்லை. மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்பதுதான் திட்டம். மாத்திரைகளில் ஒன்றின் பூர்வோத்திரத்தைத் தேடிப் போனபோது, கரீபியன் தீவில் உள்ள ஒரு கிராமம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் என்னால் மேலே நகர முடியவில்லை.

டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை ஒரு வகை. ஃபினாஸ்டிரைடு, டியூட்டாஸ்டிரைடு இன்னொரு வகை. இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்து வருவதும் உண்டு. பெருத்த புராஸ்டேட்டைச் சிறுநீர்க் குழாயை நெரித்துப் பிடித்திருக்கும் ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையைத் தளர்த்துவது முதல் வகையின் வேலை. அந்தக் கையையே சிறுக்க வைப்பது இரண்டாம் வகையின் வேலை. தளர்த்துவது சில நாட்களில் நடந்துவிடும். சிறுப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சலினாஸ். டோமினிகன் குடியரசின் தென்மேற்கில் ஒதுங்கிக் கிடக்கும் கிராமம். அங்கே சில வீடுகளில் பிறந்த குழந்தைகளைப் பெண் என்றே நினைத்தார்கள். பெண் பெயர் வைத்து, கவுன் போட்டு, வீட்டு வேலை பழக்கி வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதையொட்டி, கூட விளையாடிய பெண்கள் வயதுக்கு வரும் பருவத்தில், இந்தக் குழந்தைகளுக்குக் குரல் உடைந்தது. தோள் அகன்றது. உள்ளே இருந்த விரைகள் கீழே இறங்கின. ஆணுறுப்பு வளர்ந்தது. ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ‘பன்னிரண்டில் ஆணுறுப்பு’ என்கிற பொருள்பட இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்.

நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி இந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கே போனார். டோமினிகன் மருத்துவர்களோடு சேர்ந்து வீடு வீடாக விசாரித்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதித்தார். 13 குடும்பங்களில் இப்படி 24 பேர் இருப்பதாக 1974இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் இது தலைகாட்டும். ஒதுக்கமான ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வழியில் உறவு. உறவுக்குள் கல்யாணம் செய்யும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்ன குறை? ஆணின் விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரான் நேராக எல்லா வேலையையும் செய்துவிடுவதில்லை. ஒரு நொதி அதை இன்னும் வீரியமான டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. கருவில் வெளி ஆணுறுப்பை உருவாக்குவதும், புராஸ்டேட்டை வளர்ப்பதும் இந்த டி.ஹெச்.டி.தான். சலினாஸ் பிள்ளைகளிடம் அந்த நொதி சரியாக வேலை செய்யவில்லை. அதனால் கருவில் வெளி உறுப்பு முழுதாக உருவாகவில்லை. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரான் வெள்ளமாகப் பெருகும்போது அதுவே தசையையும் குரலையும் ஆணுறுப்பையும் வளர்த்துவிடுகிறது.

எனக்குப் புல்லரித்தது இதற்கு அடுத்த வரியில். வளர்ந்து ஆளான பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. தாடி அடர்த்தி குறைவு. முன்நெற்றி ஏறவில்லை, வழுக்கை இல்லை. திடகாத்திரமான ஆண்கள், உழைப்பாளிகள், ஆனால் புராஸ்டேட் மட்டும் வளரவில்லை. இதைப் படிக்கும் மருந்து விஞ்ஞானி ஒருவருக்கு என்ன தோன்றும்? அந்த நொதியை மட்டும் ஒரு மாத்திரையால் அடக்கிவிட்டால், வயதானவர்களின் புராஸ்டேட் சுருங்குமே!

அப்படித் தோன்றியது ராய் வாகெலோஸுக்கு. கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். 1975இல் மெர்க் மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தவர். சலினாஸ் ஆய்வு அவர் கண்ணில் பட்டது. நொதியை அடக்கும் மூலக்கூறைத் தேடும் வேலை அங்கே முடுக்கிவிடப்பட்டது. அதில் பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டுரை வந்து 18 வருடம் கழித்து. இதே வாகெலோஸ் தலைமையில்தான் 1987இல் மெர்க் நிறுவனம், ஆப்பிரிக்க ஆற்றோர மக்களின் பார்வையைப் பறிக்கும் நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தை, தேவைப்படும் வரைக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அது இந்தத் தொடருக்குள் அடங்காத கதை. ஆனாலும் அந்த மனிதரின் பெயரை எழுதும்போது அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்னொரு சங்கதி. அதே 1974இல், தனியாக, அமெரிக்காவின் டாலஸ் நகரக் குழு ஒன்றும் ஒரே குடும்பத்தில் இதே குறைபாட்டைக் கண்டுபிடித்து வெளியிட்டது. அந்தக் குழுவின் ஜீன் வில்சன்தான் 1968இல் நிக்கோலஸ் புருசோவ்ஸ்கியோடு சேர்ந்து, எலியின் புராஸ்டேட்டுக்குள் டெஸ்டோஸ்டிரான் டி.ஹெச்.டி.யாக மாறுவதைக் காட்டியவர். 1974இல் வந்த டாலஸ் கட்டுரையின் முதல் பெயர் பாட்ரிக் வால்ஷ். புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்றும் முறையைப் பின்னாளில் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தாரே, அதே வால்ஷ்! பெயர்களில் இன்னொன்று, கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985இல் நோபல் பெற்ற ஜோசப் கோல்ட்ஸ்டீன். ஒரு சின்னக் குறைபாட்டைச் சுற்றி எவ்வளவு பெரிய மூளைகள் கூடியிருந்தன!

ஆண்மைச் சுரப்புக்கும் புராஸ்டேட்டுக்கும் தொடர்பு உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். காயடித்த விலங்குகளுக்கு அந்தச் சுரப்பி சிறுத்துப்போவதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லண்டனின் ஜான் ஹன்டர் கவனித்திருக்கிறார். 1890களில் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் வைட், நீர் அடைப்பால் துடித்த முதியவர்களுக்கு விரையை நீக்கினால் சுரப்பி சுருங்கும் என்று வாதாடினார். அந்த அறுவைக்குச் சம்மதித்த ஆண்களும் இருந்தார்கள். நீர் அடைப்பின் வேதனை அவ்வளவு. இவர்கள் எல்லாருமே ஆண்மையை மொத்தமாகப் பிடுங்கித்தான் சுரப்பியைச் சுருக்கினார்கள். ஆண்மை இருக்கும்போதே சுரப்பி மட்டும் சின்னதாக இருக்க முடியும் என்பதைக் காட்டியவர்கள் சலினாஸ்காரர்கள். உலகம் முழுக்க எத்தனை தாத்தாக்கள் இன்று இந்த மாத்திரையை விழுங்குகிறார்கள்! ரத்தம் கொடுத்த அந்தப் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளில் அந்த ஊரின் பெயரைப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

ஃபினாஸ்டிரைடு சுரப்பியை ஏறத்தாழ கால்பங்கு சுருக்கும். முழுப் பலன் தெரிய ஆறு மாதம், சில நேரம் ஒரு வருடம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இரண்டாம் மாதமே, “இது வேலைக்காகலப்பா, காசுதான் தண்டம்” என்று நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் சளி பிடித்து, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். அலர்ஜிக்கான சில மருந்துகள் பையின் தசையைச் சோர்ந்துபோகச் செய்யும். அன்று ராத்திரி அவருக்கு ஒரு சொட்டு நீர் வரவில்லை. அடிவயிறு கல்லாக, வேர்த்து விறுவிறுத்து, பேரன் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ட்யூப் போட்ட பிறகுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது. இப்படி நீர் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம், பார்லி கஞ்சி என்று நேரத்தைக் கடத்தவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

தொடர்ந்து சாப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சுரப்பி பெருத்த 3,040 ஆண்களை நான்கு வருடம் கவனித்த ஆய்வு 1998இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு நீர் அடைத்துக்கொண்டது. ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு. அறுவைக்குப் போனவர்கள் அங்கே 10, இங்கே 5. பாதியாகக் குறைகிறது. இந்தப் பலன் சுரப்பி நிஜமாகவே பெருத்தவர்களுக்குத்தான். ஸ்கேனில் சுரப்பி சின்னதாக இருப்பவருக்கு இதை எழுதித் தர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு தளரும். மனச்சோர்வு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. வெட்கப்பட்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துவதைவிட டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்கு இது தினமும் கேட்கும் பேச்சு.

சலினாஸ் கதையை இவ்வளவு நீட்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாமனாருக்கு விழுங்கக் கஷ்டம் என்று மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மருமகள் நம் வீடுகளில் சகஜம். அந்த மருமகள் கர்ப்பிணியாக இருந்து, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாகவும் இருந்தால்? சலினாஸில் மரபணு செய்த அதே வேலையை இந்தத் தூள் செய்யக்கூடும். கர்ப்பிணிகளும், கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களும் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தொடவே கூடாது. ஒழுகும் டியூட்டாஸ்டிரைடு கேப்ஸ்யூலும் தோல் வழியாக இறங்கும். இதைச் சாப்பிடும் ஆண்கள் ரத்ததானமும் செய்யக் கூடாது; டியூட்டாஸ்டிரைடு என்றால் நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான்.

டாம்சுலோசினைப் பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் முக்கியமான ஒன்று. ஜப்பானிய மருந்து, சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகிறது. எழுந்து நிற்கும்போது சிலருக்குக் கிறுகிறுக்கும், அதனால் ராத்திரி பாத்ரூம் போக எழுபவர்கள் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுங்கள். முக்கியமானது இதுதான்: இந்த மருந்து கண்ணுக்குள் இருக்கும் தசையையும் தளர்த்திவிடும். கண்புரை அறுவையின்போது விரிந்து நிற்க வேண்டிய கண்மணி சுருங்கி, சுற்றியுள்ள திரை துவண்டு அலைபாயும். 2005இல்தான் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் இருவர் இந்தத் தொடர்பைக் கண்டு எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் தயாராக இருப்பார். கண்புரைக்குப் போகும் வயதும் புராஸ்டேட் மாத்திரை சாப்பிடும் வயதும் ஒன்றுதான். கண் முகாமுக்குப் போனாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். நிறுத்தியபின்னும் கண்ணில் அதன் வேலை தொடரலாம்.

பி.எஸ்.ஏ.வுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அதற்குள் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்காக ஒன்று. ஃபினாஸ்டிரைடோ டியூட்டாஸ்டிரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. எண் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் டாக்டர் அதை 6 ஆகத்தான் எடுத்துக்கொள்வார், அதுவும் நீங்கள் மாத்திரையைப் பற்றிச் சொன்னால் மட்டும். முடி கொட்டுவதற்காக 1 மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு சாப்பிடும் நாற்பது வயதுக்காரர்களுக்கும் இதே கணக்குதான். அது 1997இல் அனுமதி பெற்ற, அதே மருந்தின் சின்ன அளவு. அந்த எண் எங்கிருந்து வருகிறது, 4 என்ற கோட்டை யார் போட்டார்கள், கோட்டைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்பது அடுத்த வாரம்.